குடல் தசையும் ஒரு பிழையான வாய்ப்பாடும்

மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு வைவாவுக்குப் போகும் மாணவர்கள் தப்பாமல் மனப்பாடம் செய்துகொண்டு போகும் ஒரு வரி உண்டு. செல்லுக்குள் கால்சியம் ஏறினால் தசை சுருங்கும், இறங்கினால் தளரும். எலும்புத் தசைக்கும் இதுதான், இதயத்துக்கும் இதுதான், குடலைச் சுற்றியிருக்கும் மென்தசைக்கும் இதுதான். நுழைவுத் தேர்வுக் கையேடுகளிலும் இதே வரிதான் வருகிறது. குடல் பிடித்து இழுத்தால் கால்சியம் கூடிவிட்டது என்றும், அசையாமல் கிடந்தால் கால்சியம் போதவில்லை என்றும் கணக்கு முடிந்துவிடுகிறது.

குடலைப் பொறுத்தவரை இந்த வாய்ப்பாடு தவறு. மாணவர்களுக்காக எளிமைப்படுத்தியது என்று சொல்லி இதற்குச் சலுகை காட்டவும் கூடாது. விவரத்தை விட்டுச் சொல்வது எளிமை. இங்கே நடப்பது அதுவல்ல; குடல் சுவரில் பல இடங்களில் கால்சியம் ஏறுவதுதான் தசை தளர்வதற்கே காரணம். கூட்டல் குறி போட வேண்டிய இடத்தில் கழித்தல் குறி போட்ட பாடத்தை எளிமையான பாடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கரைசல் வடிநீரில் கலந்தது என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் அது நியூ ரிவர் கம்பெனி வழங்கிய குழாய்த் தண்ணீரில் கலந்தது. நிஜமான வடிநீருக்கு மாறியதும் இதயம் ஓய்ந்துபோனது. குழாய்த் தண்ணீரிலிருந்த கால்சியமே இதயத்தை ஓட்டியது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

குடலுக்கும் அதே வகைச் சோதனை வந்தது. முயலின் சிறுகுடலில் சில சென்டிமீட்டர் துண்டை வெட்டி, 37 டிகிரியில் டைரோடு கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் தொங்கவிடுவார்கள். கீழ் முனை கொக்கியில், மேல் முனை நூல் வழியாக நெம்புகோலில். அடியிலிருந்து காற்றுக் குமிழிகள் ஏறிக்கொண்டே இருக்கும். துண்டு தன்பாட்டில் ஊசலாடும். நெம்புகோலின் நுனி, புகை படிந்த காகிதம் சுற்றிய உருளையில் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே போகும். அசிட்டைல்கோலின் விட்டால் கோடு சட்டென்று ஏறும். கழுவிவிட்டு, கால்சியம் சேர்க்காத டைரோடை ஊற்றினால் ஊசலாட்டம் தேய்ந்து தட்டையாகும். கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி எழும். பல தலைமுறை மருத்துவ மாணவர்களும் பார்மசி மாணவர்களும் இந்தக் கோட்டைத் தங்கள் கையாலேயே எடுத்து, காகிதத்தை வார்னிஷில் முக்கிக் காயவைத்து, ரெக்கார்டில் ஒட்டியிருக்கிறார்கள். கண்ணால் கண்ட பாடம் என்பதால் அதன் பிடி இன்னும் தளரவில்லை.

ஆனால் அந்தக் கோடு சொல்வது என்ன? கால்சியம் இல்லாமல் குடல் சுருங்காது என்பதை மட்டும்தான். கால்சியம் எவ்வளவோ அவ்வளவு சுருக்கம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. முழுத் துண்டையும் கால்சியம் இல்லாத நீரில் மூழ்கடித்தால், தசைச் செல்லும் நிற்கும், நரம்பும் நிற்கும், தாளம் போடும் செல்லும் நிற்கும். எது எதனால் நின்றது என்று அந்தக் கோட்டில் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

செல்லுக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஓய்வில் இருக்கும் குடல் தசைச் செல்லுக்குள் தனித்திருக்கும் கால்சியம் சுமார் 100 நானோமோலார். வெளியே இருப்பது மில்லிமோலார் கணக்கில், அதாவது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. சவ்வின் மின்னழுத்தம் உயரும்போது எல்-வகைக் கால்சியக் கால்வாய்கள் திறக்க, கால்சியம் உள்ளே பாய்ந்து கால்மோடுலின் என்ற புரதத்தில் ஒட்டுகிறது. அந்தக் கூட்டு, மயோசினுக்குப் பாஸ்பேட் சேர்க்கும் கைனேஸ் நொதியைத் தட்டி எழுப்புகிறது. பாஸ்பேட் ஏறிய மயோசின் ஆக்டினைப் பற்றி இழுக்கிறது. எலும்புத் தசையில் இருக்கும் டிரோப்போனின் பூட்டு இங்கே கிடையாது. இதுவரை பாடநூல் சொல்வது சரி. கைனேஸ் சேர்த்த பாஸ்பேட்டை விடாமல் கழற்றிக்கொண்டே இருக்கும் பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் அதனிடம் வருகிறேன்.

1986இல் லண்டனில் பென்ஹாமும் போல்ட்டனும் முயலின் சிறுகுடலிலிருந்தும் காது ரத்தக்குழாயிலிருந்தும் தனித்தனி மென்தசைச் செல்களைப் பிரித்தெடுத்து, சவ்வின் வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பதிவுசெய்தார்கள். யாரும் தூண்டாமலேயே செல்லிலிருந்து குட்டிக் குட்டியாக வெளிநோக்கிய மின்னோட்டங்கள் வந்துகொண்டிருந்தன. பொட்டாசியம் வெளியேறுகிறது என்று அதற்கு அர்த்தம். பொட்டாசியம் வெளியேறினால் சவ்வு மேலும் எதிர்மின்னாகி, கால்சியக் கால்வாய்கள் மூடிக்கொள்ளும், தசை தளரும். அந்தப் பொட்டாசியக் கதவைத் திறந்தது எது? செல்லுக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் கால்சியம்.

அந்தக் கசிவைக் கண்ணால் காண மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1993இல் செங், லெடரர், கேனல் மூவரும் இதயத் தசையில் கால்சியப் பொறிகளைக் கண்டார்கள். 1995இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் நெல்சனின் குழு, ரத்தக்குழாய் மென்தசையில் இந்தப் பொறிகள் தசையைத் தளர்த்துகின்றன என்று காட்டியது. கிடங்குக்கும் வெளிச்சவ்வுக்கும் நடுவே சில பத்து நானோமீட்டர் இடைவெளிதான் இருக்கிறது. பொறி அந்த இடுக்கில் வெடிக்கும்போது அங்கே மட்டும் கால்சியம் மைக்ரோமோலார் பத்துகளைத் தொடுகிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கியும் விடுகிறது. சவ்விலிருக்கும் பெரிய பொட்டாசியக் கால்வாய்கள் திறக்க அவ்வளவு கால்சியம் தேவை, அது அந்த இடுக்கில்தான் கிடைக்கும். செல் முழுவதற்குமான சராசரியில் அந்தப் பொறியின் தடமே தெரிவதில்லை.

வாய்ப்பாட்டை இத்தனை காலம் காப்பாற்றியது இந்தச் சராசரிதான். 1985இல் ரோஜர் சியென் குழு தந்த ஃபுரா-2 சாயம் செல் கால்சியத்தை அளக்கும் வேலையைப் பெரிய அளவில் எளிதாக்கியது. அந்தக் கொடையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அன்றைய கருவிகளில் பெரும்பாலும் செல் முழுவதற்கும், சில சமயம் திசு முழுவதற்கும் சேர்த்து ஒரே எண்தான் கிடைத்தது. மாவட்டத்தின் சராசரி மழையளவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த ஏரியின் கரை உடைந்தது என்று எப்படிச் சொல்வது? அந்த ஒற்றை எண் ஏறும்போது விசையும் ஏறியது. உடனே இதுவே விதி என்று எழுதிவிட்டோம்.

பொறியும் கடைசியில் செல்லின் மொத்தக் கால்சியத்தைக் குறைத்துத்தானே தளர்த்துகிறது, ஆகவே விதி பிழைத்துக்கொண்டது என்று வாதிடுவோர் உண்டு. இதுவரை நான் கேட்ட எதிர்வாதங்களில் வலுவானது இதுதான், அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். மயோசின் இழைகளுக்குப் பக்கத்தில், மற்றதெல்லாம் மாறாமல் இருக்கும்போது, கால்சியம் கூடினால் இழுவை கூடும். இதை மறுப்பவர் இல்லை. ஆனால் ‘இழைகளுக்குப் பக்கத்தில்’ என்று சொன்ன கணமே வாய்ப்பாட்டில் இல்லாத ஒன்று உள்ளே வந்துவிட்டது: இடம். ‘மற்றதெல்லாம் மாறாமல்’ என்பது இரண்டாவது. உயிருள்ள குடலில் மற்றதெல்லாம் மாறாமல் இருக்கும் நேரம் என்று ஒன்று கிடையாது.

இடம் என்பது ஒரு செல்லுக்குள்ளே மட்டும் இல்லை. எந்தச் செல் என்பதும் கேள்விதான். 1899இல் பேலிஸும் ஸ்டார்லிங்கும் குடலின் விதி என்று ஒன்றை எழுதினார்கள்: குடலுக்குள் ஒரு உருண்டை இருந்தால் அதற்கு மேலே சுருக்கமும் கீழே தளர்வும் நடக்கும், உருண்டை கீழ்நோக்கி நகரும். அந்தக் கீழ்ப்பக்கத் தளர்வை நடத்துவது எது என்று தேடியவர்களில் முதன்மையானவர் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக். அசிட்டைல்கோலினையும் நார்அட்ரினலினையும் மருந்தால் தடுத்த பிறகும் நரம்பைத் தூண்டினால் குடல் தசை தளர்ந்தது. அந்த நரம்பு விடும் தூதுப்பொருள் ஏடிபி என்று 1970களின் தொடக்கத்தில் அவர் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. செல்லின் எரிபொருள் எப்படித் தூதாக முடியும் என்று கேட்டார்கள். இன்று அது பாடநூலிலேயே இருக்கிறது.

பாடநூலில் ஏறாமல் போனது அடுத்த படி. அந்த ஏடிபி தன் ஏற்பியில் ஒட்டியதும் செல்லின் உட்கிடங்கிலிருந்து கால்சியம் வெளியேறுகிறது. ஆம், கால்சியம் ஏறுகிறது. ஏறிய கால்சியம் எஸ்.கே. எனப்படும் சிறு பொட்டாசியக் கால்வாய்களைத் திறக்கிறது, சவ்வு எதிர்மின்னாகிறது, தசை தளர்கிறது. தேனீ விஷத்திலுள்ள அபமின் இந்தக் கால்வாய்களை அடைத்துவிடும். அடைத்தால் ஏடிபியின் தளர்த்தும் வேலை நின்றுபோகிறது. 2011இல் நெவாடா பல்கலைக்கழகத்தில் சாண்டர்ஸின் குழு இன்னொரு செய்தியைச் சேர்த்தது. இந்த வேலை பெரும்பாலும் தசைச் செல்லில் நடப்பதே இல்லை. தசைச் செல்களுக்கு நடுவே மெல்லிய கைகளோடு படர்ந்திருக்கும், பிடிஜிஎஃப்ஆர்-ஆல்ஃபா என்ற அடையாளப் புரதம் தாங்கிய செல்களில் நடக்கிறது. வெகுகாலம் இவற்றை வெறும் நார்த்திசுச் செல் போன்றவை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். இவற்றில் ஏடிபி ஏற்பியும் எஸ்.கே. கால்வாயும் நிறைந்து கிடக்கின்றன. இவற்றுக்குள் கால்சியம் ஏற ஏற, சந்திப்புகளின் வழியே பக்கத்துத் தசைச் செல் அமைதியாகிறது.

இப்போது பேலிஸும் ஸ்டார்லிங்கும் பார்த்த அந்த உருண்டைக்குத் திரும்பிப் பாருங்கள். மேலே தசைச் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, குடல் இறுகுகிறது. சில சென்டிமீட்டர் கீழே, அதே நொடியில், பக்கத்துச் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, குடல் விரிந்து வழிவிடுகிறது. ஏறியது இரண்டு இடத்திலும் கால்சியம்தான். நம் வாய்ப்பாட்டைக் கையில் வைத்திருக்கும் மாணவரால் பெரிஸ்டால்சிஸ் என்ற இந்த நகர்வின் மறுபாதியை விளக்க முடியாது. விளக்கக் கிளம்பினால் இரண்டு பக்கமும் சுருங்கி உருண்டை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

தாளத்தின் கதையும் இதே போக்கில்தான் போகிறது. மனித இரைப்பையில் நிமிடத்துக்கு சுமார் 3, டியோடினத்தில் சுமார் 12, இலியத்தில் சுமார் 8 என்று மெல்லலைகள் எனப்படும் மின் அலைகள் ஓடுகின்றன. இவை தசையே தனக்குப் போட்டுக்கொள்ளும் தாளம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். சாந்தியாகோ ரமோன் இ காஹால் குடல் சுவரில் கண்டு, ஒருவகை ஆதி நரம்புச் செல் என்று எண்ணிய செல்களே தாளக்காரர்கள் என்று 1982இல் லார்ஸ் துனெபெர்க் முன்மொழிந்தார். 1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், கிட் என்ற ஏற்பியைத் தடுக்கும் எதிர்ப்பொருளைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது குடலின் தன்னியக்கம் கெட்டது. அந்தக் காஹால் செல்கள் கிட் இல்லாமல் வளராதவை. இன்று தெரிவது இதுதான்: காஹால் செல்லின் கிடங்கிலிருந்து கால்சியம் வெளிவந்து ஆனோ-1 என்ற குளோரைடு கால்வாயைத் திறக்கிறது, அதில் எழும் அலை தசைக்குப் பரவுகிறது. தசையின் கால்சியக் கால்வாயை நிஃபெடிபின் கொடுத்து அடைத்தால் சுருக்கம் நிற்கும். மெல்லலை பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்-வகைக் கால்வாயைச் சொன்னதும் எதிர்த்தரப்பு 2006இல் ம்யூனிக்கில் ஹாஃப்மன் குழு செய்த வேலையை எடுத்துக்காட்டும். எலியின் மென்தசையில் மட்டும் அந்தக் கால்வாயின் மரபணுவை நீக்கியபோது குடல் செயலிழந்து போயிற்று. அருமையான சோதனை, முடிவிலும் சந்தேகமில்லை. அந்தக் கதவு இல்லாமல் குடல் வாழாது. ஆனால் கதவு வேண்டும் என்பது வேறு, கதவு எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று சொல்பவர் யார் என்பது வேறு. மெல்லலையைக் கொடுக்கும் காஹால் செல்லும், அதைத் தணிக்கும் பக்கத்துச் செல்லும், இரண்டுக்கும் மேலே நரம்பு வலையும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அவற்றிலும் கால்சியம்தான் ஓடுகிறது, வேறு வேறு பலன்களோடு.

இனி அந்தப் பாஸ்பட்டேஸ். மயோசினில் எத்தனை பாஸ்பேட் நிற்கும் என்பது கைனேஸ் சேர்க்கும் வேகத்துக்கும் பாஸ்பட்டேஸ் கழற்றும் வேகத்துக்கும் இடையிலான கணக்கு. கால்சியம் கையில் வைத்திருப்பது கைனேஸை மட்டுமே. ஆண்ட்ரூ சோம்லியோ, அவ்ரில் சோம்லியோ தம்பதியும் அவர்களோடு வேலை செய்தவர்களும் இதை அழகாகக் காட்டினார்கள். பாக்டீரிய நஞ்சால் செல் சவ்வில் துளைகள் போட்டு, உள்ளே இருக்கும் கால்சியத்தை வெளிக்கரைசலின் மூலம் ஒரே அளவில் கட்டிப்போட்டார்கள். அது இம்மியும் மாறாத நிலையில், கினிப் பன்றியின் சிறுகுடல் தசையில் அசிட்டைல்கோலினின் ஏற்பியைத் தூண்டினால் இழுவை ஏறியது. ரோ-கைனேஸ் போன்ற நொதிகள் பாஸ்பட்டேஸை அடக்கிவைப்பதால், இருக்கிற கால்சியத்துக்கே வலிமை கூடுகிறது. தளர்த்தும் நரம்பு விடும் இன்னொரு தூதுப்பொருளான நைட்ரிக் ஆக்சைடு இதற்கு நேர் எதிர் வேலையும் செய்கிறது: பாஸ்பட்டேஸை ஊக்கி, கால்சியம் பெரிதாக இறங்காமலேயே தசையைத் தளர்த்த அதனால் முடியும். 1981இல் மர்ஃபியின் குழு ரத்தக்குழாய்த் தசையில் கண்டது இன்னும் கடினமான கேள்வி: பாஸ்பேட் இறங்கிய பிறகும் விசை தாக்குப்பிடிக்கிறது. சுருக்குத் தசைகள் மணிக்கணக்கில் அதிகச் செலவில்லாமல் இறுகி நிற்பதைப் புரிந்துகொள்ள இந்த வழி வேண்டும். கால்சிய அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துச் சண்டை, நோயாளிக்கு என்ன என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வாய்ப்பாடு படுக்கையருகே தப்பாக வழிகாட்டுகிறது. பாராதைராய்டு மிகையாகச் சுரந்து ரத்தத்தில் கால்சியம் ஏறியவருக்குக் குடல் முறுக்கிப் பிழிய வேண்டும் என்று வாய்ப்பாடு சொல்லும். அவர் வந்து சொல்வது மலச்சிக்கல். செல்லுக்கு வெளியே கூடும் கால்சியம் நரம்பையும் தசையையும் எளிதில் தூண்ட முடியாதபடி மந்தமாக்குகிறது. அடிக்கடி சிறுநீர் போய் உடல் வறள்வதும் சேர்ந்துகொள்கிறது. செல்லுக்கு வெளியே ஏறும் கால்சியத்தையும் உள்ளே ஏறும் கால்சியத்தையும் ஒரே மூச்சில் பேசுவதால் வரும் குழப்பத்துக்கு அளவே இல்லை. பேதிக்கு விழுங்கும் லோபெரமைடையும் கோடீன் போன்ற அபினி வகை மருந்துகளையும் பாருங்கள். இவை குடலைத் தளர்த்திப் போட்டு மலத்தைக் கட்டவில்லை. துண்டு துண்டாக இறுக வைத்து, முன்னோக்கித் தள்ளும் ஒழுங்கைக் கெடுத்துக் கட்டுகின்றன. தசை இறுக்கம் கூடியிருக்கிறது, நகர்வு நின்றிருக்கிறது.

நீரிழிவு முற்றிய சிலருக்கு இரைப்பை காலியாகாமல் சாப்பிட்ட சோறு மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். நம் ஊரில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தகையவர்களின் இரைப்பைத் திசுவை எடுத்துப் பார்த்தபோது அடிக்கடி கண்ட கோளாறு காஹால் செல்கள் குறைந்திருப்பது. தசை பலமிழந்துவிட்டது, அதைத் தூண்டினால் போதும் என்று நினைக்கும் மருத்துவர் தேட வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் தேடுகிறார். அப்படி நினைக்கும்படி அவரைப் பழக்கியது அந்த முதலாண்டு வரிதான். அதனால்தான் அதன்மீது எனக்கு இவ்வளவு கோபம்.

1886இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ரங் விவரித்த பிறவி நோயில் இந்த வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஏறத்தாழ 5000 பிறப்புகளில் ஒன்றில் வருகிறது. பிறந்து 48 மணி நேரம் ஆகியும் குழந்தைக்குக் கருமலம் போகாது, வயிறு ஊதும், பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும். ஊதிப் பெருத்த மேல்குடல்தான் நோயுற்ற பகுதி என்று பல பத்தாண்டுகள் நினைத்தார்கள். நோய் இருந்தது அதற்குக் கீழே, பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்த குறுகலான துண்டில். அங்கே நரம்பு முடிச்சுச் செல்கள் இல்லை. தசை இருக்கிறது, கால்சியக் கால்வாய் இருக்கிறது, கைனேஸ் இருக்கிறது. தளரச் சொல்லும் நரம்பும், அது விடும் நைட்ரிக் ஆக்சைடும் ஏடிபியும் இல்லை. ஆகவே அந்தத் துண்டு இறுகியபடியே கிடக்கிறது. தூண்டுதல் இல்லாவிட்டால் தசை தளர்ந்து கிடக்கும் என்ற எண்ணத்துக்கும் இந்தக் குழந்தைகள் பதில் சொல்கிறார்கள்: குடல் நரம்பின் உழைப்பில் பெரும்பகுதி, தானே சுருங்கத் துடிக்கும் தசையைப் பிடித்து நிறுத்துவதில் செலவாகிறது. அறுவை சிகிச்சையின்போது மருத்துவர் குடல் சுவரிலிருந்து சிறு துணுக்குகளைப் படிப்படியாக மேலேறி எடுத்து நோயியல் கூடத்துக்கு அனுப்புகிறார். அங்கே உறைய வைத்து, சீவி, நுண்ணோக்கியில் நரம்பு முடிச்சுச் செல் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். தெரிந்தது என்று தகவல் வந்த மட்டத்துக்கு மேலே வெட்டி, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு தைக்கிறார்கள்.